பாயிண்டரைக் கொடுக்கலாம்... எவ்வளவு நேரத்துக்கு? அதை கம்பைலரே கேட்கட்டும்!

2020 பிப்ரவரி 29. இணையதளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' அமைப்பு, சான்றிதழ் வழங்குவதையே சிறிது நேரம் நிறுத்தி வைத்தது. அதன் மென்பொருளில் ஒரு பக். அன்றே சரிசெய்துவிட்டார்கள். ஆனால், அதற்குள் வழங்கப்பட்டிருந்த 30 லட்சத்துக்கும் அதிகமான சான்றிதழ்கள் கேள்விக்குள்ளாகிவிட்டன. அடுத்த சில நாள்களில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவை ரத்து செய்யப்பட்டன. பல நாடுகளில் சர்வர் நிர்வாகிகள் அவசர அவசரமாகப் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் ஹேக்கர் இல்லை. சர்வர் பழுதும் இல்லை. ஒரு ஃபங்ஷன், தன்னிடம் பாராமீட்டராக வந்த பொருளுக்குள் இருந்த தகவல்களின் முகவரியை எடுத்து, தன் வேலை முடிந்த பிறகும் பயன்படும்படி வெளியே அனுப்பிவிட்டது. அழைத்தவரோ அந்தப் பொருளை அடுத்த வேலைக்குத் திருப்பிப் பயன்படுத்திவிட்டார். அவ்வளவுதான் சங்கதி.

"பாயிண்டர்னாலே பார்த்துத்தான் எழுதணும் பாஸ்" என்று இதைக் கடந்து போய்விடலாம். ஐம்பது வருடமாக அப்படித்தான் கடந்து போய்க்கொண்டிருக்கிறோம். அது போதாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு ஃபங்ஷனிடம் முகவரியைக் கொடுக்கும்போது அதை அது எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஃபங்ஷனின் முகப்பிலேயே எழுத வேண்டும். அதைச் சரிபார்க்கும் வேலையை கம்பைலரிடம் விட வேண்டும். மனித ஞாபக சக்தியை நம்பி விடக் கூடாது.

ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பாராமீட்டர் எங்கே குடியிருக்கிறது?

ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது, அதற்கென்று 'ஸ்டாக்' எனும் மெமரிப் பகுதியில் கொஞ்சம் இடம் ஒதுக்கப்படுகிறது. ஃபங்ஷனின் உள்ளூர் வேரியபிள்களும், மதிப்பாக அனுப்பப்பட்ட பாராமீட்டர்களின் நகல்களும் பொதுவாக அங்கேதான் தங்கும். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் அடுத்து வரும் ஃபங்ஷனுக்குப் போய்விடும்.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகூர்த்தத்துக்கு மண்டபம் எடுக்கிறீர்கள். 'மாடியில் மூன்றாவது அறையில் நகைப் பெட்டி இருக்கு' என்று உறவினரிடம் சொல்கிறீர்கள். கல்யாணம் நடக்கும் வரை அந்த முகவரி சரியானது. அவர் மறுநாள் போய் அந்த அறையைத் திறந்தால்? அறை அப்படியேதான் இருக்கும். கதவும் திறக்கும். ஆனால், உள்ளே வேறொரு குடும்பத்தின் சாமான்கள் இருக்கும்.

இதில் ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. மறுநாள் வேறு முகூர்த்தம் இல்லாமல் போய், யாரும் அறையைக் காலி செய்யாமல் விட்டிருந்தால், உங்கள் பொருள் அங்கேயே இருக்கக்கூடும். "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலையே!" என்று தோன்றும். இத்தகைய பக் உங்கள் லேப்டாப்பில் நடந்த பத்து டெஸ்ட்டையும் பாஸ் செய்துவிட்டு, வாடிக்கையாளரின் சர்வரில் லோடு ஏறும்போது வெடிப்பது இதனால்தான். காலாவதியான இந்த முகவரிக்கு 'டாங்லிங் பாயிண்டர்' என்று பெயர். அதாவது, பிடிமானம் இல்லாமல் தொங்கும் சுட்டி.

தப்பு நடக்கும் மூன்று வழிகள்

சி மொழி படித்தவர்களுக்கு 'ஸ்வாப்' ப்ரோக்ராம் கட்டாயம் நினைவிருக்கும். இரண்டு எண்களை மதிப்பாக அனுப்பினால் ஃபங்ஷனுக்குள் நகல்கள் மட்டும் இடம் மாறும். முகவரியை அனுப்பினால் அசலே இடம் மாறும். பாயிண்டரின் பயனை எல்லோருக்கும் புரியவைக்கும் நல்ல பாடம் அது. ஆனால், அந்தப் பாடம் முகவரியை எப்படிக் கொடுப்பது என்பதோடு முடிந்துவிடுகிறது. கொடுத்த முகவரி எப்போது காலாவதியாகும் என்பது பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த பிறகு அடிபட்டுக் கற்கும் பாடமாக இருக்கிறது.

முகவரி வெளியே தப்பிப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, திருப்பி அனுப்புவது. மதிப்பாக வந்த பாராமீட்டரின் முகவரியை எடுத்து அதையே ரிட்டர்ன் செய்வது. ஃபங்ஷன் முடிந்த நொடியே அந்த முகவரி செத்துவிடுகிறது.

இரண்டாவது, பதுக்கி வைப்பது. குளோபல் வேரியபிளிலோ, ஒரு லிஸ்ட்டிலோ, வேறொரு ஆப்ஜெக்ட்டுக்குள்ளோ முகவரியைச் சேமித்துவிடுவது. ரிட்டர்ன் வரியைப் பார்த்தால் எதுவும் தெரியாது. பிரச்சினை வேறெங்கோ ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, பின்னால் ஓடும் வேலைக்குக் கொடுப்பது. த்ரெட், கால்பேக், டைமர் என்று பிறகு இயங்கப்போகும் ஒன்றிடம் முகவரியை ஒப்படைப்பது. அது கண் விழிக்கும்போது மண்டபத்தில் வேறு கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்.

மூன்றிலும் முகவரியை எடுத்தது தவறில்லை. அதன் ஆயுளுக்கு மேல் வைத்துக்கொண்டதுதான் தவறு. இந்த வேறுபாடு முக்கியம். பாயிண்டரே வேண்டாம் என்பது தீர்வல்ல. பெரிய தரவை ஒவ்வொரு முறையும் நகலெடுக்க முடியாது. முகவரி கொடுப்பது நியாயமான, தேவையான வேலை.

சி மொழியின் பதில்: 'நீங்களே பார்த்துக்கோங்க'

1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி, ப்ரோக்ராமரை முழுமையாக நம்பியது. பாராமீட்டரின் முகவரியை எடுக்கலாம். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆயுள் முடிந்த பிறகு பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தராது.

சுவாரஸ்யமாக, பழைய சி மொழியிலேயே ஒரு கண்டிப்பான விதி உண்டு. பாராமீட்டருக்கு முன்னால் 'ரெஜிஸ்டர்' என்று எழுதிவிட்டால் அதன் முகவரியை எடுக்கவே முடியாது. எடுத்தால் கம்பைலர் எரர் காட்டும். வேகத்துக்காக வந்த சொல் அது, பாதுகாப்புக்காக இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை அது காட்டுகிறது. பாராமீட்டரின் அறிவிப்பிலேயே ஒரு வாக்குறுதியை எழுதி, கம்பைலரை வைத்து அதைக் காப்பாற்ற வைக்கலாம் என்ற யோசனை ஐம்பது ஆண்டுப் பழசு.

இன்றைய கம்பைலர்கள் ஓரளவு உதவுகின்றன. உள்ளூர் வேரியபிளின் முகவரியை நேரடியாக ரிட்டர்ன் செய்தால் ஜிசிசி வார்னிங் கொடுக்கும். ஆனால், அதே முகவரியைச் சற்றுச் சுற்றி வளைத்து, இன்னொரு ஃபைலில் இருக்கும் ஃபங்ஷன் வழியாக வெளியே விட்டால் வார்னிங் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. காரணம் எளிது. அந்த ஃபங்ஷன் முகவரியை வைத்துக்கொள்ளுமா, பார்த்துவிட்டு விட்டுவிடுமா என்பது அதன் முகப்பில் எழுதப்படவில்லை. எழுதாததை கம்பைலர் எப்படிப் படிக்கும்?

சி பிளஸ் பிளஸ் மொழியில் இது இன்னும் நுணுக்கமாக ஒளிந்துகொள்கிறது. அதன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உள்ள 'மேக்ஸ்' ஃபங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மதிப்புகளை ரெஃபரன்ஸாக வாங்கி, பெரியதை ரெஃபரன்ஸாகவே திருப்பித் தருகிறது. ஒரு பக்கம் வேரியபிளும், மறுபக்கம் 'ஐந்து கூட்டல் ஒன்று' போன்ற தற்காலிக மதிப்பும் கொடுத்து, விடையை ரெஃபரன்ஸாகவே பிடித்து வைத்தீர்கள் என்று வையுங்கள். தற்காலிக மதிப்பு பெரியதாக இருந்தால், அந்த வரி முடிந்ததும் உங்கள் கையில் இருப்பது தொங்கும் ரெஃபரன்ஸ். வேரியபிள் பெரியதாக இருந்தால் எல்லாம் சுகம். அதாவது ப்ரோக்ராம் சரியா தப்பா என்பதை அன்றைக்கு வந்த எண்தான் தீர்மானிக்கிறது!

2017 பதிப்பில் வந்த 'ஸ்ட்ரிங் வியூ'வும் அப்படித்தான். ஒரு ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கை மதிப்பாக வாங்கி, அதன் ஒரு பகுதியைக் காட்டும் 'வியூ'வைத் திருப்பி அனுப்பினால், பார்க்க பாயிண்டர் மாதிரியே இருக்காது. நட்சத்திரக் குறி இல்லை, '&' குறி இல்லை. உள்ளே இருப்பது செத்த முகவரிதான்.

பியார்னே ஸ்ட்ரவ்ஸ்ட்ரப்பும் ஹெர்ப் சட்டரும் தொகுக்கும் சி பிளஸ் பிளஸ் வழிகாட்டி நெறிகளில், உள்ளூர்ப் பொருளின் பாயிண்டரையோ ரெஃபரன்ஸையோ நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருபோதும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று ஒரு விதியே இருக்கிறது. நல்ல விதி. ஆனால், அது வழிகாட்டி. படித்தவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ரிலீஸ் பிரஷரில் அந்த ஞாபகம் எவ்வளவு தூரம் வரும்?

'அவ்வளவு நம்பிக்கை வேண்டாம்' என்ற மொழிகள்

எல்லா மொழிகளும் இப்படி விட்டுவிடவில்லை. நிக்லஸ் விர்த் 1970-ல் வெளியிட்ட பாஸ்கல் மொழியின் அசல் வடிவம், உள்ளூர் வேரியபிளின் முகவரியை எடுக்கும் வழியையே தரவில்லை. 'நியூ' போட்டு உருவாக்கிய பொருளுக்கு மட்டும்தான் பாயிண்டர். பாராமீட்டரை மாற்ற வேண்டுமா? 'வார்' என்று அறிவித்தால் போதும், முகவரியை மொழியே பார்த்துக்கொள்ளும். உங்கள் கைக்கு அது வராது. வராததைப் பதுக்க முடியாது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான ஏடா மொழி வேறு வழியில் போனது. ஏடா லவ்லேஸின் பெயரைத் தாங்கிய மொழி அது. அதன் ராணுவத் தர எண்ணான 1815 அவர் பிறந்த ஆண்டு. 1995 பதிப்பில் வேரியபிள்களின் முகவரியை எடுக்க அனுமதித்தார்கள், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, 'இதற்கு வேறு பெயரிலும் வழி இருக்கலாம்' என்று அந்த வேரியபிளை முன்கூட்டியே 'அலையஸ்டு' என அறிவிக்க வேண்டும். இரண்டு, முகவரியைப் பிடித்து வைக்கும் வகை, அந்தப் பொருளைவிட நீண்ட ஆயுள் கொண்டதாக இருக்கக் கூடாது. மீறினால் கம்பைல் ஆகாது. கம்பைலரால் முன்கூட்டியே சொல்ல முடியாத சில இடங்களில், ப்ரோக்ராம் ஓடும்போது சோதித்து நிறுத்திவிடும். பாராமீட்டர்களையே வெளிப்படையாக 'அலையஸ்டு' என்று அறிவிக்கும் வசதி 2012 பதிப்பில் சேர்ந்தது.

விதியை மீறித்தான் ஆக வேண்டும் என்றால் ஏடாவில் அதற்கும் கதவு இருக்கிறது. ஆனால், அந்தக் கதவின் பெயரே 'அன்செக்டு ஆக்சஸ்', அதாவது சோதிக்கப்படாத அணுகல். கோடைப் படிப்பவர் அந்த வரியில் நின்று யோசிப்பார். இது நல்ல வடிவமைப்பு என்பேன். மீறலைத் தடை செய்யாவிட்டாலும் அதற்குச் சத்தமான பெயர் வைக்கிறார்கள்.

கோ மொழி: அறையையே வீடாக்கிவிடும்

2009-ல் கூகுள் அறிமுகப்படுத்திய கோ மொழியின் பதில் தாராளமானது. "முகவரியை எடுத்துக்கோ, எங்கே வேணும்னாலும் அனுப்பு" என்கிறது. பாராமீட்டரின் முகவரி வெளியே தப்பிக்கக்கூடும் என்று கம்பைலர் கண்டுபிடித்தால், அந்தப் பொருளை ஸ்டாக்கில் வைக்காமல் 'ஹீப்' எனும் நிரந்தரப் பகுதியில் வைத்துவிடும். யாராவது பயன்படுத்தும் வரை அது உயிரோடு இருக்கும். தேவை முடிந்ததும் குப்பை சேகரிப்பான் அகற்றிவிடும். மண்டப முகவரியைக் கொடுத்துவிட்டீர்களா, பரவாயில்லை, அந்த அறையையே நிரந்தர வீடாக மாற்றித் தந்துவிடுவோம் என்பது மாதிரி.

இதில் தொங்கும் பாயிண்டர் வராது. கொஞ்சம் மெமரியும் நேரமும் செலவாகும், அவ்வளவுதான். பிரச்சினை தீர்ந்ததா?

இங்கேதான் லெட்ஸ் என்க்ரிப்ட் சம்பவத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த மென்பொருள் எழுதப்பட்டது கோ மொழியில்தான்.

ஒரு டொமைனுக்குச் சான்றிதழ் தரும் முன், எந்த நிறுவனங்கள் தரலாம் என்று அந்த டொமைனின் உரிமையாளர் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பத்து டொமைன்கள் மறுசோதனைக்கு இருந்தால், பத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பக் காரணமாக, அதில் ஒரு டொமைனையே பத்து முறை பார்த்தது மென்பொருள். மீதி ஒன்பதைப் பார்க்கவே இல்லை.

எப்படி? டொமைன் விவரங்கள் ஒரு லூப்பில் ஒவ்வொன்றாக ஒரு வேரியபிளுக்குள் வந்தன. அந்த வேரியபிளின் முகவரி இன்னொரு ஃபங்ஷனுக்குப் பாராமீட்டராகப் போனது. அந்த ஃபங்ஷன், உள்ளே இருந்த டொமைன் பெயரை நகலெடுக்காமல் அதன் முகவரியை மட்டும் எடுத்துத் தான் திருப்பித் தரும் விடைக்குள் வைத்தது. அன்றைய கோ மொழியில் லூப் முழுவதற்கும் ஒரே வேரியபிள்தான். ஒவ்வொரு சுற்றிலும் அதே அறையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். கடைசியில் பத்து விடைகளும் ஒரே அறையைக் காட்டின. அறையில் இருந்தவரோ கடைசியாக வந்தவர்.

இன்னொரு விவரம் இருக்கிறது. அந்த லூப்பில் இரண்டு வேரியபிள்கள் இருந்தன. அதில் ஒன்றை, சுற்றுக்குச் சுற்று மாறும் என்பதால் நகலெடுக்கிறோம் என்று கமென்ட் எழுதி, சரியாக நகலெடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே இருந்த இன்னொன்றை விட்டுவிட்டார்கள். விதி தெரியாதவர்கள் எழுதிய கோட் இல்லை அது. விதி தெரிந்தவர்களும் ஒரு வரியில் தவறவிடக்கூடிய விஷயம் இது. ஏன் தவறியது? அழைக்கப்பட்ட ஃபங்ஷன் முகவரியைப் பார்த்துவிட்டு விட்டுவிடுமா, வைத்துக்கொள்ளுமா என்று அதன் முகப்பில் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும்.

2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22 பதிப்பு, லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் என்று விதியை மாற்றியது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், கவனியுங்கள். சரிசெய்யப்பட்டது லூப்தான். ஃபங்ஷனின் முகப்பு இன்னமும் ஊமையாகவே இருக்கிறது. உங்களிடமிருந்து முகவரி வாங்கும் ஃபங்ஷன் அதைப் பதுக்குமா என்பதற்கு இன்றும் நீங்கள் கமென்ட்டையோ உள்ளே இருக்கும் கோடையோதான் படிக்க வேண்டும்.

முகப்பில் எழுதுவது எப்படி இருக்கும்?

ஒரு பாயிண்டர் பாராமீட்டருக்கு மூன்றே மூன்று வாக்குறுதிகள்தான் சாத்தியம். 'உள்ளே மட்டும் பயன்படுத்துவேன், வெளியே விடமாட்டேன்.' 'நான் தரும் விடையில் இது கலந்திருக்கலாம், ஆகவே விடை இருக்கும் வரை அசலும் இருக்கட்டும்.' 'நான் இதை நீண்ட காலம் வைத்துக்கொள்வேன்.' இந்த மூன்றில் எது என்று எழுதிவிட்டால், அழைப்பவர் பக்கமும் ஃபங்ஷனின் உள்பக்கமும் கம்பைலரால் தனித்தனியாகச் சரிபார்க்க முடியும்.

வால்டர் பிரைட் உருவாக்கிய டி மொழியில் இதற்கான சொற்கள் கிட்டத்தட்ட இதே பொருளில் இருக்கின்றன. 'ஸ்கோப்' என்றால் வெளியே விடமாட்டேன். 'ரிட்டர்ன்' என்று சேர்த்தால், விடை வழியாக மட்டும் வெளியே போகலாம். சி ஷார்ப் மொழியும் 2022-ல் வந்த 11-வது பதிப்பில் 'ஸ்கோப்டு' என்ற சொல்லைச் சேர்த்தது.

இந்த வழியில் மிகத் தூரம் போனது ரஸ்ட். 2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பு வந்த இந்த மொழியில், ரெஃபரன்ஸ் கொடுப்பதற்குப் பெயரே 'கடன்'. ஒவ்வொரு கடனுக்கும் ஆயுள் உண்டு. மதிப்பாக வந்த பாராமீட்டரின் ரெஃபரன்ஸைத் திருப்பி அனுப்பினால் கம்பைலர் உடனே மறுத்துவிடும். நாம் மேலே பார்த்த 'மேக்ஸ்' மாதிரி, இரண்டு ரெஃபரன்ஸை வாங்கி ஒன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுதினால், 'விடை எதிலிருந்து கடன் வாங்கியது, சொல்லுங்கள்' என்று கேட்டு நிற்கும். ஒன்றே ஒன்று உள்ளே போய் ஒன்று வெளியே வந்தால், அதுவே புரிந்துகொள்ளும். நீங்கள் எதுவும் எழுத வேண்டியதில்லை. எங்கே உண்மையிலேயே குழப்பம் இருக்கிறதோ அங்கே மட்டும் கேட்கிறது.

லெட்ஸ் என்க்ரிப்ட்டின் அந்த லூப்பை, சுற்றுக்குச் சுற்று உள்ளே வரும் மதிப்பைக் கடன் கொடுத்துச் சேகரிப்பது போல ரஸ்ட்டில் எழுதினால், 'இந்த வேரியபிளின் ஆயுள் போதவில்லை' என்று கம்பைலரே நிறுத்தியிருக்கும்.

'இதெல்லாம் ரொம்ப ஓவர்' என்பவர்களுக்கு

எதிர்வாதங்கள் இருக்கின்றன. அவற்றில் நியாயமும் இருக்கிறது.

முதலாவது, 'கம்பைலர் சரியான கோடையும் நிராகரிக்கிறது.' உண்மைதான். ஒரு விதி பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்பட வேண்டுமானால், சில நல்ல ப்ரோக்ராம்களையும் அது தடுக்கத்தான் செய்யும். ஆனால், இந்த உராய்வு நிலையானதல்ல. ரஸ்ட்டின் 2018 பதிப்பில், கடன் கடைசியாகப் பயன்படுத்தப்படும் இடத்தோடு முடிந்துவிடும் என்று விதி நெகிழ்ந்தது. முன்பு நிராகரிக்கப்பட்ட ஏராளமான கோட் அதன் பிறகு ஓடியது. விதிகள் நெகிழலாம். மனித ஞாபகம் அப்படி வருடா வருடம் மேம்படுவதில்லை.

இரண்டாவது, 'கற்க நேரமாகும், டெலிவரி தள்ளிப்போகும்.' ஆரம்பத்தில் தள்ளிப்போகும்தான். ஆனால், கம்பைல் செய்யும்போது இருபது நிமிடம் எரிச்சலூட்டும் எரரும், ப்ரொடக்‌ஷனில் எப்போதாவது மட்டும் வரும் க்ராஷும் ஒரே விலை அல்ல. இரண்டாவதைத் தேடி ஒரு வாரம் தொலைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, 'இருக்கிற கோடி வரி சி கோடை என்ன செய்வது?' இதுதான் வலுவான கேள்வி. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுத் திரும்ப எழுதுவது நடக்காது, தேவையும் இல்லை. ஆண்ட்ராய்டு இதற்கு நல்ல உதாரணம். கூகுள் பழைய கோடை மொத்தமாக மாற்றவில்லை. புதிதாக எழுதுவதை மெமரி பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதத் தொடங்கியது. ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் மெமரி சார்ந்தவற்றின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது, 2024-ல் 24 சதவீதமாகக் குறைந்ததாக அந்நிறுவனம் சொல்கிறது.

இந்தப் புள்ளிவிவரத்தை நேர்மையாகப் படிக்க வேண்டும். மெமரி குறைகள் எல்லாமே பாராமீட்டர் முகவரியால் வருபவை அல்ல. எல்லை மீறிப் படிப்பது, எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். ஆனால், ஆயுள் முடிந்த முகவரியைத் தொடுவது அதில் சின்னப் பங்கு இல்லை. குரோமியம் உலாவித் திட்டம் தன் தீவிரமான பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி சார்ந்தவை என்றும், அதில் பாதி, விடுவித்த மெமரியைத் திரும்பப் பயன்படுத்தியதால் வந்தவை என்றும் 2020-ல் சொன்னது. 'யாரிடம் முகவரி இருக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு' என்ற அதே கேள்விதான்.

'நான் ஜாவா, பைத்தான் ஆள்... எனக்கு என்ன?'

உங்களுக்கும்தான். அந்த மொழிகளில் மெமரி கெடாது. அர்த்தம் கெடும். ஒரு ஃபங்ஷனிடம் லிஸ்ட்டைக் கொடுக்கிறீர்கள். அது நகலெடுக்காமல் அதையே தன் ஆப்ஜெக்ட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. நீங்கள் வெளியே லிஸ்ட்டைக் காலி செய்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள். உள்ளே இருந்த விவரமும் காலி. லெட்ஸ் என்க்ரிப்ட் கதையும் அடிப்படையில் இதேதான். அங்கேயும் மெமரி கெடவில்லை, விடைதான் கெட்டது. குப்பை சேகரிப்பான் உங்கள் பொருளை உயிரோடு வைத்திருக்கும். அது யாருடையது என்ற தகராறைத் தீர்த்து வைக்காது.

நாளை ஆபீஸில் என்ன செய்யலாம்?

மொழியை மாற்றும் அதிகாரம் நம்மில் பலருக்கு இல்லை. ஆனாலும் எந்த மொழியிலும் கடைப்பிடிக்கக்கூடிய சில விதிகள் இருக்கின்றன.

1. பாயிண்டர் அல்லது ரெஃபரன்ஸ் வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கேளுங்கள்: பார்க்க மட்டுமா, விடையில் கலக்கவா, வைத்துக்கொள்ளவா? பெயரிலோ கமென்ட்டிலோ அதை எழுதுங்கள்.

2. வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் முகவரியை வாங்காதீர்கள். நகலெடுங்கள், அல்லது உரிமையையே முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

3. மதிப்பாக வந்த பாராமீட்டரின் முகவரி, அந்த ஃபங்ஷனின் வாசலைத் தாண்டக் கூடாது. 'வியூ', 'ஸ்லைஸ்' என்று பெயர் மாறி வந்தாலும் இதே விதிதான்.

4. த்ரெட், கால்பேக், அசிங்க்ரனஸ் வேலை எதற்குக் கொடுத்தாலும் 'வைத்துக்கொள்ளும்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. சி, சி பிளஸ் பிளஸ் என்றால் வார்னிங்குகளை எரர்களாக மாற்றுங்கள். டெஸ்ட்டில் அட்ரஸ் சானிடைசரை ஓட்டுங்கள். கிளாங் கம்பைலரில் 'லைஃப்டைம் பவுண்ட்' என்ற குறிப்பைப் பாராமீட்டரோடு சேர்த்தால், விடை அந்தப் பாராமீட்டரைச் சார்ந்தது என்று அதற்குத் தெரியும். தொங்கும் ரெஃபரன்ஸ்களில் பலவற்றை அதுவே சுட்டிக்காட்டும்.

ஐந்தாவது விதியைக் கவனித்தீர்களா? ப்ரோக்ராமரை நம்பியே வளர்ந்த மொழிகளின் கம்பைலர்கூட இப்போது முகப்பில் எழுதச் சொல்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

முதல் நான்கும் ஒழுக்கம் சார்ந்தவை. அவை தேவை. ஆனால், ஒழுக்கத்தை மட்டும் நம்பி நிற்கும் பாதுகாப்பு, ஒரு ஆள் சோர்ந்த ராத்திரியில் உடைந்துவிடும். பக்கத்து வரியில் சரியாக நகலெடுத்த கை, அடுத்த வரியில் மறந்தது என்பது 30 லட்சம் சான்றிதழ்கள் சொன்ன பாடம். அதனால், அடுத்த முறை புது ப்ராஜெக்ட்டுக்கு எந்த மொழி என்ற பேச்சு வரும்போது, வேகம், லைப்ரரி, ஆள் கிடைப்பது ஆகியவற்றோடு இன்னொரு கேள்வியையும் மேஜையில் வையுங்கள்: 'இந்த மொழியில் ஒரு ஃபங்ஷன், வாங்கிய முகவரியை எப்போது விட்டுவிடும் என்று எழுத முடியுமா? எழுதினால் கம்பைலர் அதைச் சரிபார்க்குமா?'

கம்பைலர் கேட்கும் கேள்வி தொந்தரவாகத்தான் இருக்கும். ஆனால், அது கேட்பது கோட் எழுதும்போது. அது கேட்காமல் விட்டால், அதே கேள்வியை ஒருநாள் வாடிக்கையாளர் கேட்பார்.